பனித்துறையில் நின்றவள்

மிட்சுயோ கைக்கொக்கியை வாசற்படியில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, சுத்தியலால் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் இரும்பு கழன்று தெறித்து, துக்கம் கேட்க வந்தவர்களின் காலணிகளுக்கு நடுவே போய் விழுந்தது. கையில் கட்டை மட்டும் மிஞ்சியது. ஒரு சாண் நீளம். ஐம்பது வருஷம் ஒரே உள்ளங்கை பட்டுக் கறுத்து வழவழத்த கட்டை.

"இப்பப் பெட்டிக்குள்ள வைக்கலாமா?"

ஈமச்சடங்கு நடத்த வந்திருந்த கறுப்புக் கோட்டுக்காரர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"மரம்னா தாராளமா வைக்கலாம்மா. இரும்பும் கண்ணாடியும்தான் எரிக்கிற உலைக்குள்ள ஆகாது."

"வீம்புக்காரி, பொணத்துக்கு யாராச்சும் கொக்கி வைப்பாங்களா" என்று உள்ளறையில் யாரோ முணுமுணுத்தது கேட்டது. மிட்சுயோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா தொமே வெள்ளை உடையில் கிடந்தாள். சின்ன உருவம்தான் என்றாலும் பெட்டிக்குள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். முந்தாநாள் காலை கணவாய் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தவள், உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். எழுபத்தொன்பது வயது. நகக்கண்ணில் இருந்த கணவாய் மையை நேற்று எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மிட்சுயோ அந்த வலது கையைச் சற்றே தூக்கி, கட்டையை அடியில் செருகினாள். மீன்சந்தையில் பெட்டிகளை இழுக்கும் எல்லாப் பெண்களிடமும் இருக்கும் கொக்கிதான். ஆனால் இதை வைத்து அம்மா மீன்பெட்டி மட்டும் இழுக்கவில்லை.

மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் அப்பா சேய்கிச்சி உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. தலையில் கம்பளித் தொப்பி. வீட்டுக்குள் கழற்றச் சொல்லி எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

"அப்பா, பசிக்குதா?"

"இல்ல."

"குளுருதா?"

"இல்ல."

இந்த மூன்று நாளில் அவர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்திலும் கணக்கு அப்படியொன்றும் பெரிதில்லை.

வாசல் கதவு சரக்கென்று திறந்தது. மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிய காற்றோடு சசமோரி உள்ளே வந்தார். மினாசே ஊரின் சுற்றுலாச் சங்கத் தலைவர். அறுபத்தாறு வயது, கையில் கறுப்புப் பட்டை, பளபளவென்று துடைத்த காலணி. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஊதுபத்தி வைத்து, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அந்த வணக்கம் பொய்யில்லை என்று மிட்சுயோவுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தங்கச்சி, ஒரு விஷயம்" என்று அவளிடம் நகர்ந்து வந்தார். "வண்டி பத்து மணிக்குத்தானே கெளம்புது? வழியில பாட்டுக்கல்லுகிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். டிவிக்காரங்க வந்திருக்காங்க. செந்தாய்லேருந்து ஒரு பஸ் நெறைய ஆளுங்க, நாப்பது பேரு, கேள்விப்பட்டு வந்து குளுர்ல நிக்கிறாங்க. அந்தப் பாட்டைப் பாடினவங்க ஆபீஸ்லேருந்து மலர்வளையம் அனுப்பியிருக்காங்க. ஒரு தடவை பாட்டைப் போட்டு, எல்லாரும் தலை வணங்கி, அனுப்பி வைப்போம்."

"வேண்டாம்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. தலைவருக்குத் தெரியாததா?"

சசமோரி குரலைத் தாழ்த்தினார். "தெரியும். ஆனா ஊரைப் பாரு. கடல்ல மீனே வத்திப்போயி எத்தனை வருஷமாச்சு? ரெண்டு சத்திரம் நடக்குதுன்னா, கணவாய்க் கருவாட்டுக் கடை நடக்குதுன்னா, எதனால? பாட்டுதான் சோறு போடுது. ஊருக்கு மட்டுமில்ல, உனக்கும்தான்."

அது உண்மைதான். பாட்டைச் செதுக்கி நட்டிருக்கும் பாட்டுக்கல்லுக்கு எதிரே வரிசையாக இருக்கும் கருவாட்டுக் கடைகளில் மூன்றாவது, மிட்சுயோ வேலை பார்க்கும் கடை. பாட்டின் பெயர் அச்சடித்த உறையில்தான் கணவாயைப் போட்டுக் கொடுக்கிறாள்.

"வேண்டாம்னா வேண்டாம் தலைவரே."

"சேய்கிச்சி ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

அப்பா அடுப்பின் திரியைக் கொஞ்சம் தணித்தார்.

சசமோரி எழுந்து காலணியை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி, "எப்பிடியும் வண்டி அந்த வழியாத்தான் போகணும். இந்த ஊருக்கு வேற ரோடு கெடையாது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

'பனித்துறை' என்ற அந்தப் பாட்டு தெரியாதவர்கள் நாட்டில் இல்லை. கல்யாணத்திலும் பாடுவார்கள், குடித்துவிட்டும் பாடுவார்கள். கடல் கொண்டுபோன கணவனுக்காக ஒரு பெண் கையில் விளக்கோடு துறையில் நிற்கிறாள். 'நிற்கிறேன், நிற்கிறேன், பனி மூடும் துறையில் நிற்கிறேன்' என்று பல்லவி திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தில் பாடுகிறவரின் குரல் ஒரு விம்மலோடு உடையும். கேட்கிறவர்களும் உடைவார்கள்.

அந்தப் பெண் தொமே என்பது ஊருக்குத் தெரியும். எழுதியவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் மினாசேக்கு வந்து சத்திரத்து மாடியில் மூன்று நாள் தங்கியதாகவும், ஜன்னல் வழியே விடியலில் ஒரு பெண் துறையில் நிற்பதைக் கண்டதாகவும், யாரென்று கேட்டபோது சத்திரக்காரி "புருஷனைக் கடல்ல விட்டவ, பாவம்" என்றதாகவும். அவர் சொன்ன மூன்றுமே நிஜம். அவர் மாடியை விட்டு இறங்கி வரவில்லை. அவ்வளவுதான்.

நடந்தது வேறு. தொமேக்கு அப்போது இருபத்துநாலு வயது. அவள் முதல் புருஷன் கோஹெய் போன படகு திரும்பவில்லை. ஒன்பது பேர். படகு பழசு. தண்ணீர் இறைக்கும் பம்பு பழுதென்று கோஹெய் இரண்டு தடவை முதலாளியிடம் சொன்னான். வயர்லெஸ் கிடையாது. புயல் எச்சரிக்கை கரையில் எல்லோருக்கும் கேட்டது, படகுக்குக் கேட்கவில்லை. இருபதாம் நாள் முதலாளி தன் இரண்டாவது படகைக் கடலுக்கு அனுப்பத் தயார் செய்தார். அதுவும் அதே வயசுப் படகு. அதிலும் வயர்லெஸ் இல்லை. அந்த முதலாளிதான் இந்தச் சசமோரியின் அப்பா.

விடியலில் அந்த ஒன்பது பேரின் மனைவிகளும் துறைக்குப் போனார்கள். தொமே தன் கைக்கொக்கியைப் படகின் கட்டுக்கயிற்றில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். படகைப் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் கத்தினார்கள். "நில்லு! நில்லு!"

முதலாளி சிரித்தாராம். "ஒங்கப்பன் அஞ்சாவதும் பொண்ணாப் போச்சேன்னு 'நிறுத்து'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒனக்குப் பேரு வெச்சான். நீ என் படகை நிறுத்தப் போறியா?" என்றாராம்.

பத்தொன்பது விடியல் நின்றார்கள். அதற்கடுத்த நாள் அந்தப் படகுக்கு வயர்லெஸ் வந்தது.

இதைத்தான் சத்திரத்து மாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். காற்றில் கொஞ்சம், அலையில் கொஞ்சம் போக, மிச்சம் அவர் காதுக்கு வந்து சேர்ந்தபோது 'நில்லு' என்பது 'நிற்கிறேன்' ஆகிவிட்டது. கொக்கி விளக்காகிவிட்டது. மறித்து நின்றவள் காத்து நின்றவளாகிவிட்டாள்.

பாட்டு வானொலியில் முதலில் வந்தபோது பெண்கள் மீன் கொட்டகையில் இருந்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஷினோ பெரியம்மா சொல்வாள். அந்த வருஷம்தான் தொமே சேய்கிச்சியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு நாடு முழுக்கப் பரவிய பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டாளாமே" என்று முகம் சுளித்துவிட்டுப் போனார்கள்.

முதுகில் இருந்த குழந்தை மிட்சுயோ. பள்ளியில் ஒருவன் கேட்டான்: "ஒங்கம்மா அங்க காத்துக்கிட்டே இருந்தாங்கன்னா நீ எப்பிடிடி பொறந்தே?" அவள் பென்சில் டப்பாவால் அவனை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தொமே கணவாயின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"அடிச்சியா?"

"ம்."

"பலமாவா?"

"ரத்தம் வந்துச்சு."

"சரி, கையைக் கழுவிட்டு வா. சாப்பிடலாம்."

பிறகு பாட்டுக்கல் வந்தது. ஆளுயரக் கறுப்புக் கல், அதில் பாட்டு வரிகள், கீழே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். ஒரு தடவை அழுத்திவிட்டால் மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. நடுவில் நிறுத்த வழி கிடையாது. கல்லின் பின்புறம், 'கடல் கொண்ட கணவனுக்காக வாழ்நாளெல்லாம் இத்துறையில் காத்து நின்ற பெண்ணின் நினைவாக' என்று செதுக்கியிருந்தது. அப்போது தொமேக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லிலிருந்து இருநூறு அடி தூரத்தில் உயிரோடு, புருஷனோடு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கோடையில் ஒரு நாளைக்கு அறுபது தடவை பாட்டு வரும். தொமே போய்ச் சுற்றுலாக்காரர்களிடம், "நான் காத்துக்கிட்டு நிக்கல, மறிச்சு நின்னேன்" என்பாள். அவர்கள் அவளோடு நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வசந்தத்தில் ஒலிபெருக்கிக் கம்பியை அறுத்துவிட்டாள். போலீஸ்காரர் வந்து யார் அறுத்தது என்று கேட்டார். "நான்தான். இந்தக் கத்திதான். எடுத்துட்டுப் போறியா?" என்றாள். அவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டு மூடிவிட்டார்கள்.

ஆனால் மிட்சுயோவுக்கு மறக்க முடியாத ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் கவாசாக்கி நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வருஷக்கடைசி விருந்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் பனித்துறையைப் பாடினாள். பல்லவியில் அவள் குரலும் உடைந்தது, நிஜமாகவே அழுதாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னதேயில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், கொட்டகையில் அம்மாவே அந்த மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். மகள் நிற்பதைக் கண்டதும் தொமே நிறுத்திக்கொண்டாள்.

"மெட்டு நல்லாத்தான்டி இருக்கு" என்றாள், கத்தியைத் துடைத்தபடி. "பொய் சொல்லுதே. அதான் பொறுக்கல."

பத்து மணிக்கு வண்டி கிளம்பியது. இந்தப் பக்கத்து வழக்கப்படி முதலில் எரிப்பு, சடங்கெல்லாம் நாளைக்கு. சவ வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அப்பா, மடியில் அம்மாவின் பெயர் எழுதிய பலகையோடு. பின்னால் சின்ன பஸ்ஸில் மற்றவர்கள். மிட்சுயோ அம்மாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஷினோ பெரியம்மா, எண்பத்தாறு வயது. ஒன்பது பேரில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். தள்ளிக்கொண்டு நடக்கிற சக்கரவண்டியை மடித்து மடியில் வைத்திருந்தாள். கருவாட்டுக் கடைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கடைசி சீட்டுகளில்.

"டிரைவரு, பாட்டுக்கல்லுகிட்ட நிறுத்தாமப் போங்க" என்றாள் மிட்சுயோ.

"முன்னாடி வண்டி நின்னா நானும் நிக்கணுமேம்மா."

முன்வண்டி நின்றது. வளைவில், பாட்டுக்கல்லுக்கு நேராக, சாலையில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துப் பாதியை அடைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் குடை பிடித்துக்கொண்டு நாற்பது பேர். நெய்ப் பந்தம்போல வெளிச்சம் வீசும் ஒரு விளக்கோடு டிவி ஆட்கள். சசமோரி கையில் மைக்கோடு நின்றார்.

"எங்கள் ஊரின் தாய், பனித்துறைப் பாட்டின் நாயகி, ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு முடிந்து, இன்று தம் கணவரிடம் செல்கிறார்."

அப்பா உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து பொத்தானை அழுத்தினார்.

தந்தி வாத்தியம் தொடங்கியது. நாற்பது பேரும் தலை குனிந்தார்கள்.

மிட்சுயோ பஸ் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு இறங்கினாள். கையில் அம்மாவின் படம். நேராக நடந்து கல்லுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஈரப்பனி முகத்தில் அறைந்தது. பாடுகிறவளின் குரல் அவள் முதுகுக்குப் பின்னால் மெல்ல ஏறியது. அவளுக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். அடுத்து பல்லவி. கவாசாக்கியில் குரல் உடைந்த அதே இடம். வெட்கமும் கோபமுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, தள்ளிக்க. கேமராவை மறைக்கிறே" என்றார் சசமோரி, மைக்கை மூடிக்கொண்டு.

"மறைக்கத்தான் நிக்கிறேன்."

அப்போதுதான் சக்கரவண்டி கடகடவென்று வரும் சத்தம் கேட்டது. ஷினோ பெரியம்மா கூம்புகளில் ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டு வந்து, மிட்சுயோவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அதன் பிரேக்கை அழுத்திப் பூட்டினாள்.

'நிற்கிறேன்...' என்றது ஒலிபெருக்கி.

"நில்லு!" என்று கத்தினாள் ஷினோ.

குடைகள் நிமிர்ந்தன. எண்பத்தாறு வயதில் அந்த உடம்பில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. படகுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திப் பழகிய தொண்டை.

'நிற்கிறேன், பனி மூடும்...'

"நில்லு! நில்லு!"

மிட்சுயோவும் கத்தினாள். பஸ்ஸிலிருந்து கருவாட்டுக் கடைப் பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். அவர்களில் சிலருக்கு முழுக்கதை தெரியும், சிலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பாட்டு அச்சடித்த உறையில் கணவாய் கட்டித் தருகிறவர்கள் எல்லோரும். ஒருத்தி மிட்சுயோவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடுப்பை இன்னொருத்தி. பல்லவி வரும்போதெல்லாம் கத்தினார்கள். "நில்லு! நில்லு!"

டிவிப் பெண் கண் கலங்கி, "இது இந்த ஊரோட பழைய வழக்கமா?" என்று யாரிடமோ கேட்டாள்.

"போதும்! நிறுத்துங்க!" என்றார் சசமோரி. முகம் சிவந்துவிட்டது. "சாவு வீட்டு ஊர்வலத்துல இதென்ன கூத்து?"

"நீ கூத்து வெச்சே, நாங்க ஆடுறோம்" என்றாள் ஷினோ. "டேய், ஒங்கப்பன் அன்னிக்கு இதே எடத்துல நின்னுதான்டா போலீசைக் கூப்பிட்டான். உனக்கு அப்பப் பத்துப் பன்னெண்டு வயசு. பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

சசமோரியின் பார்வை கல்லின் பக்கம் போயிற்று. மிட்சுயோ அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு ஏன் அந்தப் பாட்டு அவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கு முதல்முறையாகப் புரிந்தது. அதில் கடல் இருக்கிறது, பனி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. படகுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லவே இல்லை.

பாட்டு மூன்றாவது சரணத்துக்குப் போயிருந்தது. அப்போது சவ வண்டியின் ஹாரன் ஒலித்தது.

புறப்படும்போது ஒரு தடவை நீளமாக அடிப்பார்களே, அதுபோல. ஆனால் ஓயவில்லை. மிட்சுயோ திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அப்பா, ஒரு கையால் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஓட்டுநரின் பக்கம் நீட்டி, ஹாரனின் மேல் மொத்த உடம்பையும் சாய்த்திருந்தார். ஓட்டுநர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கி உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியின் சத்தம் அதில் மூழ்கிப் போயிற்று. கடைசிப் பல்லவி யாருக்கும் கேட்கவில்லை. அது முடிந்ததைக்கூட யாரும் அறியவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டுத்தான் அப்பா கையை எடுத்தார்.

காதுக்குள் நிசப்தம் ரீங்கரித்தது. டிவிப் பெண் வண்டியின் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஐயா, நீங்க இறந்தவங்களுக்கு என்ன வேணும்? அண்ணனா?"

அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"புருஷன்."

"ஆனா, பாட்டுல..."

"ரெண்டாவது படகுல நான் இருந்தேன்" என்றார் அப்பா. "அணியத்துல, படகோட முன்னால. கயித்துக்குக் காவலு. கொக்கியப் போட்டு இழுத்துக்கிட்டு நிக்கிறா. கயித்த அறுறான்னு மொதலாளி கத்துறாரு. கையில கத்தி இருக்கு. அறுத்திருந்தா ஒம்பது பேரும் தண்ணிக்குள்ள விழுந்திருப்பாங்க."

மிட்சுயோவுக்கு அப்பா அந்தப் படகில் இருந்தது தெரியும். கத்தி அவர் கையில் இருந்தது தெரியாது. ஷினோவைப் பார்த்தாள். ஷினோ எங்கோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள் டிவிப் பெண்.

"நில்லுன்னா" என்றார் அப்பா. "நின்னுட்டேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சசமோரி மைக்கின் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். சுற்றியதை அவிழ்த்து, மறுபடி சுற்றினார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இவங்ககிட்ட நான் இப்ப என்னத்தச் சொல்றது?" என்று ஷினோவிடம் கேட்டார். அதட்டலாக ஆரம்பித்த கேள்வி பாதியில் சின்னப் பையனின் குரலாகிவிட்டது.

"நடந்ததச் சொல்லு. பாத்தவன்தானே நீ."

அவர் சொன்னாரா இல்லையா என்று மிட்சுயோ காத்திருந்து கேட்கவில்லை. மிச்சக் கூம்புகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். இரண்டு உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தன. முன்வண்டி நகர்ந்தது. சின்ன பஸ்ஸில் ஏறியதும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்க, தொற்றிக்கொண்டது. சாவுக்குப் போகிற பஸ் முழுக்கச் சிரிப்பு. ஷினோ மட்டும் சீட்டில் சாய்ந்து, "தொண்டை போச்சுடி. யாராச்சும் மிட்டாய் வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

"நாளைக்குக் கடையத் தொறக்க விடுவாங்களான்னு தெரியல" என்றாள் பின்சீட்டில் ஒருத்தி, சிரிப்பு அடங்கிய பிறகு.

"தொறப்போம்" என்றாள் மிட்சுயோ. "உறையத் திருப்பிப் போட்டுக் கட்டிக் கொடுப்போம்."

தகனக்கூடம் மலையடிவாரத்தில் இருந்தது. உலைக்கதவு மூடிய பிறகு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு அறையில் பாய் விரித்து, சோற்றுருண்டையும் ஊறுகாயும் நறுக்கிய ஆப்பிளும் வைத்திருந்தார்கள். அப்பா இரண்டு உருண்டை சாப்பிட்டார். மிட்சுயோ அவர் எதிரே உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். கத்தியைப் பற்றிக் கேட்க வேண்டும்போல இருந்தது. அன்றைக்கு அந்தக் கத்தியை என்ன செய்தீர்கள், கீழே போட்டீர்களா, உறையில் செருகினீர்களா, அம்மா உங்களை முதலில் என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? ஐம்பது வருஷம் கேட்காததை இன்றைக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"இன்னொண்ணு வேணுமாப்பா?"

"ம்."

அவர் மூன்றாவதையும் சாப்பிட்டார்.

கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து உள்ளே போனார்கள். உலையிலிருந்து இழுத்து வைத்த மேடையில் வெள்ளையாக எலும்புகள். அனல் இன்னும் முகத்தில் அடித்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஆளுக்கு ஒரு ஜோடி நீளக்குச்சிகளைக் கொடுத்தார். இருவர் இருவராக வந்து, ஒரே எலும்பை இரண்டு பக்கமும் குச்சியால் பிடித்துத் தூக்கிக் கலசத்தில் இட வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் வெளியூர்க்காரர். பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"முதல்ல கணவர் வரணும்" என்றார். "கணவர் யாருங்க?"

கூட்டம் விலகி வழிவிட்டது.

அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றி மிட்சுயோவிடம் கொடுத்தார். நெற்றியில் படிந்திருந்த நாலைந்து நரைமுடியை உள்ளங்கையால் பின்னுக்கு வாரிவிட்டுக்கொண்டார். கோட்டின் கீழ்ப் பொத்தானைப் போட்டார். போட்டது சரியாக மாட்டவில்லை, மறுபடி போட்டார்.

ஊழியர் அவசரப்படுத்தவில்லை.

"நான்தான்" என்று சொல்லி, அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார்.